ஆடாதோடைக் கஷாயம்: அப்பாவுக்கு ஆகும், மனைவிக்கு ஆகுமா?

நீங்கள் கேட்டதில் நான்கு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. வேலியோரம் நிற்கும் செடி ஆடாதோடைதானா என்பது ஒன்று. கடையில் விற்கும் இருமல் சிரப்பே இந்த இலையிலிருந்து வந்ததுதான் என்றால், இலையையே காய்ச்சிக் குடித்துவிட்டுப் போகலாமே என்பது இன்னொன்று. ஒரு மாதமாக இருமிக்கொண்டிருக்கும் அறுபத்திரண்டு வயது அப்பாவுக்குத் தினமும் காலையில் கஷாயம் கொடுப்பது சரியா என்பது மூன்றாவது. ஆனால் நீங்கள் நிஜமாகவே கேட்க வந்தது கடைசி வரியில் இருக்கிறது: ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவிக்கும் சளி பிடித்திருக்கிறது, அதே கஷாயத்தில் அரை டம்ளர் அவருக்கும் கொடு என்று அம்மா சொல்கிறார், கொடுக்கலாமா? அதற்கு மட்டும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். அம்மாவிடம் சொல்ல உங்களுக்குக் காரணம் வேண்டுமல்லவா.

நான் மருத்துவர் அல்ல. மருந்தாளுநர் கல்லூரியில் மூலிகைகளை அடையாளம் காணும் பாடத்தைப் பல வருடம் நடத்தியவன். செடி எது, அதற்குள் என்ன இருக்கிறது, பொடியில் கலப்படம் இருக்கிறதா என்பதுதான் என் வேலை. அதனால் செடியைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். உங்கள் அப்பாவுக்கு எத்தனை மில்லி என்பதை, அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

செடியிலிருந்து தொடங்குவோம். ஆடாதோடை எப்போதும் பச்சையாக நிற்கும் புதர். ஆள் உயரம் சாதாரணமாக வளரும், சில இடங்களில் அதற்கு மேலும் போகும். இலைகள் எதிரெதிராக, இரண்டிரண்டாக இருக்கும்; மாவிலையைப் போல நீண்டு, இரு முனையும் கூராகி, ஓரத்தில் பல் எதுவும் இல்லாமல் இருக்கும். மாவிலை விறைப்பாக இருக்கும், இது அதைவிட மெல்லியது, கையில் துவளும். கணுக்கள் சற்றுப் புடைத்திருக்கும். பூக்காத காலத்தில் இந்த அடையாளங்களை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல நான் யோசிப்பேன். பூத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். கிளை நுனியை ஒட்டிக் கதிர் கதிராகப் பூக்கும். ஒவ்வொரு பூவுக்கும் கீழே இலை போன்ற பச்சைப் பூவடிச் செதில் ஒன்று இருக்கும்; பூ உதிர்ந்த பிறகும் அந்தச் செதில்கள் அடுக்கடுக்காகக் கதிரிலேயே நிற்கும். பூ வெள்ளை, வாயைத் திறந்தது போல இரண்டு உதடு. கீழ் உதட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள், கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கோடுகள் தொண்டையை நோக்கி வலைபோல ஓடும். பூச்சிக்கு வழி காட்டும் கோடுகள் அவை. உள்ளே மகரந்தத் தாள் இரண்டே இரண்டு. இவ்வளவும் பொருந்தினால் உங்கள் வேலியில் நிற்பது ஆடாதோடைதான்.

நிலவேம்பும் கனகாம்பரமும் நீர்முள்ளியும் இதன் குடும்பத்துச் செடிகள். சிறுவயதில் எச்சில் தொட்டு வெடிக்க வைப்போமே, அந்தப் பட்டாசுக்காய்ச் செடியும் இதே குடும்பம். ஆடாதோடைக் காயும் முற்றிக் காய்ந்தால் வெடித்து, உள்ளே இருக்கும் சிறு கொக்கிகள் விதையைத் தூக்கி எறியும். ஆனால் பல இடங்களில் இது நிறையப் பூத்தும் காய் அதிகம் பிடிப்பதில்லை. நம் ஊர் வேலிகளில் நிற்பவை பெரும்பாலும் குச்சி வெட்டி நட்டு வந்தவை. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753-லேயே இதற்கு ஜஸ்டிசியா அடாதோடா என்று பெயர் வைத்துவிட்டார், பின்பாதி நம் ஊர்ப் பெயர்தான். பழைய நூல்களில் அடாதோடா வாசிகா என்று இருந்தால் குழம்ப வேண்டாம், செடி ஒன்றே. கேரளத்தில் இலை சிறுத்த இன்னொரு இனமும் உண்டு, சிற்றாடலோடகம் என்பார்கள், ஜஸ்டிசியா பெடோமி. அங்குள்ள வைத்தியர்கள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். வேலியில் நிற்பது அநேகமாகப் பெரியதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இதை 'ஆடுதொடாப்பாளை' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு சொல்தான் கவலையைக் கிளப்பியது. ஆடுதின்னாப்பாளை அல்லது ஆடுதீண்டாப்பாளை என்று வேறொரு செடி இருக்கிறது. தரையோடு படரும், இலை தனித்தனியாக, ஒன்றுவிட்டு ஒன்றாக இருக்கும், வட்டமாக அல்லது இதய வடிவில் சாம்பல் பூத்தது போல இருக்கும், பூ கருஞ்சிவப்புக் குழாய். அது அரிஸ்டோலோக்கியா இனம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயைக் கொண்டுவரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற வகுப்பில் வைத்திருக்கிறது. இரண்டு செடியையும் ஆடு தொடாது என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒரு உறவும் இல்லை. இடுப்பளவுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் புதரா, தரையில் படரும் கொடியா என்று பார்த்தாலே பிரித்துவிடலாம். பெயரைச் சொல்லி வேறொருவரைப் பறித்து வரச் சொல்லும்போதுதான் தப்பு நடக்கும்.

பொடியாக வாங்கினால் வேறு தொல்லை. உலர்ந்த இலையில் பெருமரத்து இலையைக் கலப்பது பழைய கதை. பெருமரம் என்றால் பீநாறி மரம், தீக்குச்சிக்கு வெட்டுவது. முழு இலையாக இருந்தால் ஓரத்துப் பல்லைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம், பொடித்த பிறகு கண் போதாது. நுண்ணோக்கியில் ஆடாதோடை இலையைப் பார்த்தால் நீளமான சுண்ணாம்புக் கட்டிகள் செல்லுக்குள் மின்னும், ஒவ்வொரு இலைத்துளையையும் இரண்டு செல்கள் குறுக்காகக் கட்டிப் பிடித்திருக்கும். இரண்டாமாண்டு மாணவர் கூட ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். வீட்டில் அது முடியாது என்பதால், வேலியில் நிச்சயமான செடி இருக்கும்போது பாக்கெட் பொடி எதற்கு என்பது என் கட்சி.

இனி உள்ளே இருப்பது. 1888-ல் டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளர் இந்த இலையிலிருந்து ஒரு ஆல்கலாய்டை, அதாவது உடலில் வீரியமாக வேலை செய்யும் ஒரு செடிச் சரக்கைப் பிரித்து எடுத்து வாசிசின் என்று பெயரிட்டார். அவர் உதகமண்டலத்தில் சிங்கோனாப் பட்டையிலிருந்து மலேரியா மருந்தான கொயினா எடுக்கும் அரசுப் பணியில் இருந்தவர். வாசிசின்தான் இலையின் முதன்மைச் சரக்கு. உலர்ந்த இலையில் ஒரு சதவீதத்துக்கு முன்பின்னாக இருக்கும், செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். காற்றுப் பட்டு, காய்ந்து, பழசாகும்போது இதில் ஒரு பகுதி ஆக்சிஜன் ஏறி வாசிசினோன் ஆகிவிடும். அதனால் பச்சை இலைச் சாறும், ஆறு மாதம் டப்பாவில் கிடந்த பொடியும் வேதியியல்படி ஒரே மருந்து அல்ல. இந்த விஷயத்தை யாரும் கண்டுகொள்வதில்லை.

வாசிசின் மூச்சுக்குழாயை விரிக்கிறது என்பது விலங்குச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. வாசிசினோன் சிக்கலான ஆசாமி. 1959-ல் அதுவும் மூச்சுக்குழாயை விரிக்கும் என்று அறிவித்தார்கள். 1970-களில் ஜம்முவில் இருந்த அரசு மருந்து ஆய்வகத்தில் நடந்த சோதனைகளில், உடலுக்கு வெளியே எடுத்த திசுவில் அது விரிக்கவும், உயிருள்ள விலங்கில் சுருக்கவும் செய்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது விரிப்பு கூடியது. இலை நெஞ்சை இளக்குகிறது என்ற வழக்கை இது ஆதரிக்கிறதா என்று கேட்டால், பெருமளவு ஆதரிக்கிறது என்பேன். மனிதர்களிடம் ஒழுங்காக நடத்திய சோதனைகள் குறைவு, நடந்தவையும் சிறியவை, பெரும்பாலும் பல மூலிகைகள் சேர்ந்த கலவையைக் கொண்டவை. அதில் ஆடாதோடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

சிரப் விஷயம் பாதி உண்மை. வாசிசினை முன்மாதிரியாக வைத்து ஜெர்மானிய வேதியியலாளர்கள் தேடியபோது கிடைத்தது புரோம்ஹெக்சின், 1960-களில் மருந்தாக வந்தது. அந்தப் புரோம்ஹெக்சின் உடலுக்குள் போய் மாறும் வடிவம்தான் அம்புராக்ஸால், 1970-களின் கடைசியில் தனி மருந்தாக வந்தது. உங்கள் அலமாரியில் இருக்கும் சிரப்பின் லேபிளில் இந்த இரண்டில் ஒன்று அநேகமாக இருக்கும். ஆனால் இவற்றை எந்த இலையிலிருந்தும் எடுப்பதில்லை. முழுக்க ஆலையில் செய்கிறார்கள். கட்டமைப்பிலும் வெகுதூரம் விலகிவிட்டது: புரோம்ஹெக்சினில் இரண்டு புரோமின் அணு இருக்கிறது, வாசிசினில் ஒன்றுகூட இல்லை. வேலையும் வேறு. புரோம்ஹெக்சின் கெட்டிச் சளியை நீர்க்கச் செய்யும், மூச்சுக்குழாயை விரிக்காது. அதனால்தான் பல சிரப்புகளில் அதனுடன் மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பூட்டலினோ சால்பூட்டமாலோ தனியாகச் சேர்க்கிறார்கள். இதன் தாத்தா அந்த இலை என்று சொல்லலாம், இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது. 'சிரப்புக்குப் பதில் இலை' என்ற கணக்கு அதனால் நேராகப் பொருந்தாது.

வழக்கில் இதன் இடம் பெரியது. இருமல், இரைப்பு, சளிச் சுரம், சளியோடு ரத்தம் வருவது, மூக்கில் ரத்தம் வடிவது என்று சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் இதற்குப் பழைய பேர். வாசை, அதாவது ஆடாதோடை, கிடைக்கும் வரை இருமல்காரரும் ரத்தம் கக்குபவரும் க்ஷயக்காரரும் (காசநோயாளியும்) ஏன் கலங்க வேண்டும் என்கிற பொருளில் வடமொழியில் ஒரு வழக்கே உண்டு. சித்த மருந்துக் கடையில் இந்த இலையில் செய்த பாகு, ஆடாதோடை மணப்பாகு, கிடைக்கும்; 2020-ல் ஊரெங்கும் கொடுத்த கபசுரக் குடிநீரின் பதினைந்து சரக்கில் ஆடாதோடை இலையும் ஒன்று. இரைப்புக்கு உலர்ந்த இலையைச் சுருட்டிப் புகைக்கும் பழக்கமும் இருந்தது. மூச்சு முட்டுகிறவர் புகையை இழுப்பது எந்த இலையாக இருந்தாலும் கெடுதல், அதை மட்டும் விட்டுவிடுங்கள். நெஞ்சுக்கு வெளியேயும் இதற்கு வேலை உண்டு: வயலுக்குத் தழை உரம், பூச்சிவிரட்டிக் கரைசலில் நொச்சி, வேம்பு, எருக்கோடு கூட்டு. ஆடு மாடு மேயாது என்பதால் வேலிக்கும் நல்லது. பூச்சியை விரட்டும் அளவுக்கு வீரியம் உள்ள இலை, மனித உடலில் மட்டும் எதுவும் செய்யாமல் அமைதியாக இருக்கும் என்று நினைப்பதுதான் எனக்குப் புரிவதில்லை. 'வெறும் இலைதானே' என்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கர்ப்ப விஷயத்துக்கு வருவோம். வாசிசின் மூச்சுக்குழாய்த் தசையை விரிக்கிறது, கருப்பைத் தசையைச் சுருக்குகிறது. பிரசவத்தின்போது கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் போன்ற வேலை. இதை மருந்தாகவே கொண்டுவரலாமா என்று ஜம்மு ஆய்வகத்தில் 1970-களிலும் 80-களிலும் தீவிரமாகப் பார்த்தார்கள். கினிப்பன்றி போன்ற விலங்குகளில் கருச்சிதைவு ஏற்பட்டது. உறுதியானதும் உறுதியில்லாததும் இங்கே தனித்தனி. வாசிசின் கருப்பையைச் சுருக்கும் என்பது உறுதி. இலைக் கஷாயம் குடித்தால் கர்ப்பம் கலையும் என்பது அப்படி உறுதியில்லை. எலிகளில் நடந்த சோதனைகளில் ஒன்றில் கலைந்தது, இன்னொன்றில் கலையவில்லை. அளவு, சாறு எடுத்த முறை, விலங்கின் வகை, எல்லாவற்றையும் பொறுத்து முடிவு மாறியது. ஒரு முறை அரை டம்ளர் குடித்துவிட்ட கர்ப்பிணி பதறிப்போக வேண்டியதில்லை என்றுதான் நானும் சொல்வேன், வயிற்றுவலியோ ரத்தக்கசிவோ இருந்தால் உடனே மருத்துவமனை. ஆனால் தெரிந்தே கொடுப்பது வேறு. சாதாரணச் சளி தானாக ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். அதற்காகக் கருப்பையைச் சுருக்கும் ஒரு சரக்கை, எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாமல் கொடுப்பது கணக்குக்கு ஒத்துவராத வியாபாரம்.

அம்மாவிடம் இதை வெள்ளைக்காரன் ஆராய்ச்சி என்று சொல்லாதீர்கள், எடுபடாது. நம் மரபே இதை அறிந்திருந்தது. பிரசவ வலி வந்து பிள்ளை இறங்காமல் கஷ்டப்படும் பெண்ணுக்கு ஆடாதோடை வேரை அரைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசும் வழக்கம் பழைய வைத்தியத்தில் இருக்கிறது. எட்டாம் ஒன்பதாம் மாதம் முடிந்து பிள்ளை வெளியே வரத் துணையென்று வைத்த செடியை ஐந்தாம் மாதத்தில் எதற்கு என்று கேளுங்கள். அனுபவமுள்ள சித்த மருத்துவர் யாரைக் கேட்டாலும் கர்ப்பிணிக்கு இதைத் தவிர்க்கவே சொல்வார். மனைவிக்கு வெந்நீர், ஆவி, ஓய்வு. காய்ச்சலோ மூச்சிரைப்போ சேர்ந்தால் அவரைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவர். மணப்பாகும் இதே இலைதான் என்பதால் அதுவும் வேண்டாம். கபசுரக் குடிநீரும் அந்த மருத்துவரைக் கேட்காமல் கூடாது.

இப்போது அப்பா. உண்மையில் உங்கள் பதிவில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவர்தான், நீங்கள் கேட்காத ஒரு காரணத்துக்காக. ஒரு மாத இருமல். நம் நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது காசநோய்த் திட்டத்தின் விதி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். ஆடாதோடை இருமலை அடக்கி, சளியை இளக்கிவிடும். நோய் உள்ளே இருந்தபடியே ஆள் தேறியது போலத் தெரிவார். மேலே சொன்ன வடமொழி வழக்கில் க்ஷயம் வருகிறதே என்றால், அந்தக் காலத்தில் வேறு மருந்து இல்லை. இன்று ஆறு மாத மாத்திரையில் குணமாகும் நோய் அது, தனி இலையால் குணமாகாது. அவர் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுக்கிறாரா என்றும் பாருங்கள். ராமிப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு நாள்பட்ட வறட்டு இருமலைத் தரும், மாத்திரையை மாற்றினால் இருமல் நின்றுவிடும். புகைப் பழக்கம் இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் அவசியம். இதெல்லாம் பார்த்து ஒன்றுமில்லை, சாதாரணச் சளிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அப்புறம் கஷாயத்துக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். எங்கள் வீட்டிலும் அது காய்ச்சப்படுகிறது.

செய்முறையில் இரண்டு விஷயம். இந்த இலையைப் பச்சையாக இடித்துப் பிழிந்தால் சாறு வரவே வராது, கை வலிப்பதுதான் மிச்சம். அதனால்தான் பழைய முறையில் இலையை ஆவியில் வேகவைத்தோ, அனலில் வதக்கியோ பிறகு பிழிவார்கள். வதங்கியதும் இலை கரும்பச்சையாகித் துவண்டு, கசப்பான கெட்டிச் சாறு சொட்டும். அதில் தேன் சேர்த்துச் சிறு அளவில் கொடுப்பது வழக்கம். கஷாயமானால் நாலைந்து இலையே போதும், கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டாம். அளவு கூடினால் முதலில் தெரிவது குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு. அது வந்தால் நிறுத்திவிடுங்கள். டெர்பூட்டலின், சால்பூட்டமால் உள்ள சிரப்பும் கஷாயமும் ஒரே நேரத்தில் வேண்டாம். எதனால் என்ன ஆனது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதில் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதாக ஒரு வரி இருந்தது. கஷாயத்தின் கசப்பு தாங்காமல் அவர் கடையில் மணப்பாகு வாங்கத் தொடங்கினால், அது சர்க்கரைப் பாகு என்பதை அவரிடம் சொல்லிவையுங்கள்.